விளக்கொளியில் கண்டதும் காணாததும்

நம் துறை மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக மைசூர் சென்று திரும்பியதும், ஆளுக்கொரு பயணக் கட்டுரை எழுதித் தருமாறு பணிப்பது வழக்கம். இம்முறை வந்த கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு செய்தி நம் கருத்தை ஈர்த்தது. சாமுண்டி மலையை இரண்டு வரியில் கடந்தவர்களும், திப்பு சுல்தான் அடங்கியிருக்கும் கும்பஸைப் பெயரளவில் குறிப்பிட்டவர்களும்கூட, ஞாயிறு மாலை இருள் கவியும் வேளையில் அரண்மனை விளக்குகள் அனைத்தும் ஒரு நொடியில் எரிந்த காட்சியை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் வருணித்திருந்தனர். ஏறத்தாழ 97,000 விளக்குகள்! வியப்பு இயல்பானதே. ஆயினும் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருவர் மட்டும், "இத்தனை பல்புகளில் ஒன்று பழுதானால் யார் மேலே ஏறி மாற்றுவார்கள்?" என்று ஒரு வரி எழுதி, அதற்குமேல் அக்காட்சியைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அவருடைய தாயார் பட்டாசுத் தொழிலாளி. அந்த ஒரு வரியே இக்கட்டுரைக்குக் காரணம்.

வியப்பைத் தொல்காப்பியர் 'மருட்கை' என்னும் மெய்ப்பாடாகக் கூறுவார். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பது அவர் கொள்கை. இதுவரை காணாததைக் காணல் புதுமை. அளவிற்பெரியதைக் காணல் பெருமை. மிக நுண்ணியதைக் காணல் சிறுமை. ஒன்று மற்றொன்றாய்த் திரிதல் ஆக்கம். வகுப்பில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைந்ததுண்டு. மின்விளக்கை முதன்முதலில் கண்ட மாந்தரின் குறிப்புகளைப் படிக்கும்போது நான்கும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

இலண்டன் மாநகரில் 1851-ஆம் ஆண்டு கண்ணாடி மாளிகையில் நடந்த மாபெரும் பொருட்காட்சியை அறுபது இலட்சம் பேர் கண்டனர். ஆனால் மாலை மயங்கியதும் அதன் கதவுகள் அடைக்கப்பட்டன; உள்ளே விளக்கு இல்லை. உலகத்தின் செல்வமெல்லாம் குவிந்திருந்த அம்மாளிகை பறவைக்கூட்டைப் போலச் சூரியனோடு அடங்கிற்று. முப்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. பாரிசில் 1881-ஆம் ஆண்டு மின்சாரத்துக்கென்றே தனியாக ஒரு பன்னாட்டுப் பொருட்காட்சி நடந்தது. எடிசனும் சுவானும் தத்தம் குமிழ் விளக்குகளைக் கொண்டுவந்து நிறுத்தினர். அங்கு இரவே முதன்மைப் பொழுது. நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. கல்கத்தாவில் 1879 ஜூலை 24-ஆம் நாளே மின்விளக்கை எரித்துக் காட்டிவிட்டனர்.

பெருங்காட்சி என்றால் 1893-இல் நடந்த சிகாகோ பொருட்காட்சியைத்தான் சொல்ல வேண்டும். எடிசன் வழிவந்த நிறுவனத்தை விலையில் வென்று வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் ஒப்பந்தத்தைப் பெற்றது. டெஸ்லாவின் மாறுதிசை மின்னோட்ட முறையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் எரிந்தன. மே மாதம் முதல் அக்டோபர் வரை இரண்டே முக்கால் கோடி நுழைவுகள் பதிவாயின. வெள்ளைச் சாந்து பூசிய கட்டடங்களின் விளிம்புகளெல்லாம் விளக்கு வரிசை, நீரில் அவற்றின் நிழல், மேலே துழாவும் தேடொளி, இடையிடையே வாணவேடிக்கை. அதனை வெண்ணகரம் என்றே அழைத்தனர்.

அவ்வெண்ணகரைக் கண்டு எழுதியோர் பலர். அறிஞரும் செய்தியாளரும் எழுதியவற்றைவிட ஒரு சிறுமியின் நினைவே நம் உள்ளத்தில் நிற்கிறது. ஹில்டா சட் என்னும் அச்சிறுமி போலந்திலிருந்து 1892-இல் சிகாகோவில் குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை கல்லறைக் கற்களில் எழுத்துச் செதுக்குபவர். அவர் மகளைப் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றார். பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. எதிர்பாராத ஒரு கணத்தில் விளக்குகள் அனைத்தும் ஒருங்கே எரிந்தன. மண்ணெண்ணெய் விளக்கையன்றி வேறு அறியாத தமக்கு அது சுவர்க்கத்தின் காட்சி திடீரெனத் திறந்தாற்போல இருந்ததென்று பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார். அந்நூல் அவர் மறைந்த பின் 1989-இல்தான் அச்சேறிற்று.

அந்நூலை மேலும் படிப்பவர்க்கு அடுத்த செய்தி காத்திருக்கிறது. பொருட்காட்சி முடிந்து அதிக காலம் ஆகுமுன்னே தந்தை இறந்தார். பதினான்கு வயது நிரம்புமுன்பே ஹில்டா பள்ளியை விட்டுப் பின்னலாடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். சுவர்க்கத்தைக் கண்ட கண்கள் இயந்திரத்தின் முன் குனிந்தன. இதில் மின்விளக்கின் குற்றம் ஏதுமில்லை என்பதை அறிவோம். ஆனால் அவ்விளக்கை ஏற்றியவர்கள் அது எதிர்காலத்தின் ஒளி என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அச்சிறுமியின் எதிர்காலத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. கறுப்பின மக்களுக்கும் இடமில்லை. பிரடெரிக் டக்ளசும் ஐடா வெல்சும் சேர்ந்து, அப்பொருட்காட்சியில் தம் இனத்தார் ஏன் இல்லை என்று விளக்கும் சிறுநூல் ஒன்றை அவ்வாண்டே வெளியிட்டு, காண வந்தவர்களிடம் கொடுத்தனர்.

எட்டாண்டுகள் கழித்து, 1901-இல் பஃபலோ நகரில் நடந்ததை எண்ணுந்தோறும் நெஞ்சம் துணுக்குறும். நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் அந்நகருக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கே எழுப்பிய பொருட்காட்சியில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சிறு விளக்குகள் இருந்தன. அவற்றை ஒரே நொடியில் எரியவிடாமல், மங்கிய சிவப்பிலிருந்து முழு ஒளிக்கு மெல்ல மெல்ல உயர்த்தினர். அந்தச் சில நிமிடங்களில் பெருங்கூட்டம் பேச்சற்று நின்றது என்று கண்டவர்கள் குறித்துள்ளனர். பூ மலர்வதுபோல் ஒரு நகரம் மலர்வதைக் கண்டார்கள்; தொல்காப்பியர் சொன்ன ஆக்கம் இதுவே.

அதே பொருட்காட்சியில் செப்டம்பர் 6-ஆம் நாள் பிற்பகல், குடியரசுத் தலைவர் மெக்கின்லி கைகுலுக்கிக் கொண்டிருக்கையில் சுடப்பட்டார். பொருட்காட்சி வளாகத்துச் சிறு மருத்துவமனைக்கே அவரைத் தூக்கிச் சென்றனர். அறுவைச் சிகிச்சை தொடங்கியபோது பொழுது இறங்கிக் கொண்டிருந்தது. அறையில் போதிய விளக்கு இல்லை! சாயும் வெயிலைக் கண்ணாடியால் திருப்பி வயிற்றுக் காயத்தின்மேல் விழச் செய்தனர். பிறகே ஒரு மின்விளக்கைக் கொணர்ந்தனர். குண்டு அகப்படவில்லை. எட்டாம் நாள் அவர் உயிர் பிரிந்தது. விளக்குக் குறை ஒன்றே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. குண்டு பாய்ந்த வழியில் தசை அழுகியதே காரணம். ஆயினும் சுவர்களுக்கு வெளியே இரண்டு இலட்சம் விளக்கு, உள்ளே கத்தி பிடித்த கைக்கு ஒரு விளக்கு இல்லை என்பது வரலாறு. அவ்வளாகத்தைக் காண வந்த இலட்சோபலட்சம் பேரில் எவரும், அன்றுவரை, மருத்துவமனை அறையில் விளக்குண்டா என்று கேட்டதாகத் தெரியவில்லை. காட்சிக்காக அமைத்த ஒளி, தன்னையே பார்க்கச் சொல்லும். தான் விழாத இடத்தை எண்ணிப் பார்க்க அது விடாது.

நம் நாட்டவர் சிலரும் இக்காட்சிகளில் இருந்தனர். இலண்டனில் 1886-இல் நடந்த குடியேற்ற நாடுகள், இந்தியா பொருட்காட்சியில் மின்னொளியால் வண்ணம் மாறும் நீரூற்றுகளைக் காண மாலைதோறும் மக்கள் திரண்டனர். உள்ளே இந்தியக் கைவினைஞர் முப்பதுக்கு மேற்பட்டோர் அமர்ந்து தறி நெய்தனர், கம்பளம் முடைந்தனர், மண் வனைந்தனர். அவர்களுட் பலர் ஆக்ரா சிறையில் தொழில் பழகியவர்கள். சிறைக் கண்காணிப்பாளரே அவர்களை அழைத்துச் சென்றார். அப்பொருட்காட்சிப் பணிக்காகச் சென்ற வங்காளத்தவரான திரைலோக்கியநாத் முகர்ஜி, தம்மையும் கூட்டம் ஒரு காட்சிப்பொருளாகவே பார்த்ததை நகைச்சுவையோடு தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அவராவது எழுதினார். தறியில் இருந்தவர்களை அரசியார் ஓவியம் தீட்டச் செய்தார். அவர்கள் முகம் நமக்குக் கிடைக்கிறது. அவர்கள் அந்த நீரூற்றை எப்படிப் பார்த்தார்கள் என்பது கிடைக்கவில்லை. பார்வையாளரின் மனப்பதிவு என்று நாம் படிப்பதெல்லாம் நுழைவுச்சீட்டு வாங்கியவரின் மனப்பதிவு.

சிகாகோவுக்குச் சேது நாட்டின் ஊக்கமும் சென்னை நண்பர்களின் கைப்பொருளும் சேர்ந்து அனுப்பிய விவேகானந்தர், அங்கே பன்னிரண்டு நாள் தங்கி அநேகமாக நாள்தோறும் பொருட்காட்சிக்குப் போனார். ஆகஸ்டு 20-ஆம் நாள் சென்னையிலிருந்த அளசிங்கப் பெருமாளுக்கு நீண்ட மடல் வரைந்தார். அதில் பொருட்காட்சியின் பிரமாண்டத்தை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கிறார். அம்மடலில் விரிவாக வருவது, குற்றம் புரிந்த பெண்களைத் திருத்தும் அமெரிக்கச் சிறைச்சாலை ஒன்றை அவர் கண்டதும், அங்கே அவர்களை மனிதராக நடத்திய பாங்கும், அதைக் கண்டு நம் நாட்டு ஏழைகளை நினைத்து அவர் நெஞ்சு வெதும்பியதுமே. வியப்பதற்கு உரியது எது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

இப்படிச் சொல்வதால், நாம் மின்விளக்கை வெறுப்பவர் பக்கம் நிற்பதாக எவரும் கருத வேண்டா. அப்படியும் ஒரு கூட்டம் இருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஸ்டீவன்சன், பாரிசுத் தெருக்களில் 1878-இல் எரிந்த மின்விளக்கைப் பழித்து, பழைய எரிவாயு விளக்குக்காகப் பரிந்து ஒரு கட்டுரையே வரைந்தார். படிக்கச் சுவையானதுதான். ஆனால் வீட்டில் எரிவாயு விளக்கு இருந்தவருக்கு அந்தச் சலிப்பு கட்டுபடியாகும். ஆலங்குளத்துக்காரருக்கு ஆகாது.

எம் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை ஆலங்குளத்தில் 1970-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எம் சிறு பருவத்தில், இரவில் மொட்டை மாடியற்ற எங்கள் ஓட்டு வீட்டின் முற்றத்தில் நின்று பார்த்தால், ஆலையின் விளக்கு வரிசை வானத்தில் ஓர் ஊர் தொங்குவதுபோல் தெரியும். நாங்கள் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்ப்போம். 1980-களின் நடுவில் எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு வந்தது. கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. அத்தா விசையைத் தட்டினார். கூடத்தில் நாங்கள் கைதட்டினோம். நன்னிமா மட்டும் அடுப்படியில் நின்றுவிட்டார். போய்ப் பார்த்தால், சுவரையே வெறித்துக் கொண்டிருக்கிறார். "இம்புட்டுக் கரியிலயா இத்தன வருசமா சோறு பொங்கிட்டுக் கெடந்தேன்" என்றார். மறுநாள் விடிந்ததும் சுண்ணாம்பு வாங்கிவர ஆளனுப்பினார்.

ஹில்டா கண்ட சுவர்க்கத்துக்கு நன்னிமா கண்ட கரி எவ்வகையிலும் குறைந்ததன்று. ஒருவர் விளக்கைப் பார்த்தார்; மற்றவர் விளக்கால் பார்த்தார். தமிழில் மூன்றாம் வேற்றுமை உருபுக்கு இத்தனை வலிமை உண்டென்பதை இலக்கணம் நடத்தும்போது மாணவர்க்குச் சொல்வதுண்டு.

இந்த வேறுபாட்டை இளங்கோவடிகள் நன்கு அறிந்திருந்தார். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் இரவில் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். அடிகள் அங்கே எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, கள் விற்கும் மகளிர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, திமிலில் செல்லும் பரதவர் விளக்கு, வேற்று மொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு, பண்டம் காக்கும் காவலர் விளக்கு, கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம் என்று அது நீளும். அந்தக் கடற்கரையும் ஒளிவெள்ளந்தான். ஆயினும் ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒரு தொழில், ஒரு கை, ஒரு முகம். விளக்கின் தொகையை அடிகள் சொல்லவில்லை. விளக்குக்கு உரியவரைச் சொன்னார். பொருட்காட்சி வருணனைகளோ எண்ணிக்கையைச் சொல்லி உரியவரை விட்டுவிட்டன.

நம் கரிசல் பூமிக்கு இது வெறும் இலக்கியச் செய்தி அன்று. ஒளியை ஊருக்கெல்லாம் விற்கும் வட்டாரம் இது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். விளக்கேற்ற உதவும் தீக்குச்சியில் தொடங்கி, வண்ண மத்தாப்பாகி, பின்னர் வானத்தில் விரியும் பட்டாசாக அத்தொழில் வளர்ந்தது. இன்று நம் மாணவரிற் பலர் அத்தொழிலின் வருவாயில் படிக்கிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்று, வாணவேடிக்கை காண்போர்க்குத் தெரியாது. மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளில் மின்விளக்கு இல்லை. பொறி பறந்தால் ஆபத்து என்பதால், கதவுகளைத் திறந்துவைத்துப் பகல் வெளிச்சத்திலேயே வேலை நடக்கும். வானில் மின்னல் வெட்டினால் வேலை நிற்கும். இரவுக்கு ஒளி செய்வோர் விளக்கில்லாத அறையில் இருந்து செய்கின்றனர்.

ஒரு காலத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியுமுன்னே ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதும் இதே மண்ணில்தான். உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் வழங்கிய தீர்ப்பு வரையிலும், அதற்குப் பின்னும், அந்நிலை மாறப் பலர் பாடுபட்டனர். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டன. அவர்களுள் உதவ ஓடியவர்களும் என்னவென்று பார்க்க ஓடியவர்களும் மிகுதி. அவ்வாண்டும் தீபாவளி வந்தது. வானம் பார்த்தோர் வியந்தனர்.

தொழிலை இழித்துச் சொல்ல நமக்கு எண்ணமில்லை. அத்தொழில் இல்லையேல் இப்பகுதியில் பல வீடுகளில் அடுப்பு எரியாது. இக்கல்லூரியின் பல இருக்கைகள் காலியாகும். நம் வியப்பில் ஒரு பங்கையேனும் அந்த அறைகளின்மேல் திருப்ப வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சந்தனக்கூடு ஊர்வலத்தில் முன்பெல்லாம் தலையில் காஸ் லைட் சுமந்து நடப்பார்களே, அவர்களை நினைவிருக்கிறதா? கூட்டம் முழுவதும் அந்த வெளிச்சத்தில்தான் கூட்டைப் பார்த்தது. சுமந்தவர் முகம் விளக்கின் நிழலில் இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து எத்தனையோ ஊர்வலங்களைப் பார்த்திருக்கிறோம். ஒரு முகமும் நினைவில் இல்லை. இது நம் குறையுந்தான்.

ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவுக்குக் கல்லூரி முகப்பை விளக்குத் தோரணங்களால் அலங்கரிக்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கும் விருந்தினர் நின்று பார்க்கின்றனர். அதே நேரத்தில், மாலை வகுப்பு முடியுமுன்பே எழுந்து செல்ல அனுமதி கேட்டு மாணவியர் சிலர் நம் முன் வந்து நிற்பதும் உண்டு. அவர்கள் இறங்க வேண்டிய விலக்கிலிருந்து ஊருக்குள் செல்லும் சாலையில் விளக்கில்லை என்பதே காரணம். நூலகத்தில் அவர்கள் அமர்ந்து படித்திருக்க வேண்டிய ஒரு மணி நேரம் இப்படி நாள்தோறும் போகிறது. தோரணத்துக்கு ஆகும் செலவை ஓராண்டு நிறுத்தி, சூரிய ஒளியில் எரியும் தெருவிளக்குகள் நான்கையேனும் அவ்விலக்குகளில் நட ஊராட்சியிடம் இசைவு பெற்று உதவலாமே என்று கல்லூரி மேலாண்மையரையும் ஜமாஅத் பெரியோரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முகப்பு ஓராண்டு இருண்டிருந்தால் கல்லூரியின் மதிப்பு குறைந்துவிடாது. எவரேனும் கேட்டால், விளக்கு எங்கே போயிற்று என்று வழி சொல்லி அனுப்பலாம்.

துறை மாணவர்களுக்கும் ஒரு பணி வைத்திருக்கிறோம். சிகாகோ பொருட்காட்சியைக் கண்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகளால் அங்கே நூலகங்கள் நிரம்பியிருக்கின்றன. நம் வெம்பக்கோட்டை, ஆலங்குளம், சாத்தூர் வட்டாரத்துப் பாட்டிமார், முதல் மின்விளக்கைக் கண்டு சொன்னவற்றை எழுதிவைத்தவர் யாரும் இலர். அப்பாட்டிமார் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மாணவர் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் ஒலிப்பதிவு செய்ய இயலும். அவர்கள் பேச்சு வழக்கை மாற்றாமல், திருத்தாமல், சொன்னபடியே எழுதிவர வேண்டும். ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைந்த காலத்தில் இது நமக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தமும் உண்டு. வினாநிரல் துறை அலுவலகத்தில் கிடைக்கும். முதல் வினா இது: உங்கள் வீட்டில் விளக்கு எரிந்த அந்த முதல் இரவில், அந்த வெளிச்சத்தில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?